செவிப்பாம்பும் தேசம்மாவின் இடது காதும்

1. முதல் நாள் ஓட்டம்

நர்சரி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே நான் டெம்போ மேலே ஏறி நின்றேன். லோடு ஏற்றுவதற்காக இல்லை. பயத்தில்.

கனகம்மாசத்திரம் தாண்டித் திருத்தணி போகிற ரோட்டோரம் எங்கள் நர்சரி. திருப்பதிக்குப் போய்விட்டுத் திரும்புகிற கார்க்காரர்கள் டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு ரோஜாவும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்வார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி வாடிவிடும். அடுத்த வருடம் மறுபடி வந்து வாங்குவார்கள். அதில்தான் எங்கள் பிழைப்பு. அங்கே நான் தொட்டி தூக்குகிறவன். பெயர் தணிகாசலம். எங்கள் ஊரில் 'தணி' என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வேலை என்று கூப்பிட்டால் மட்டும் இந்தத் தணி திரும்ப மாட்டான் என்பது எங்கள் ஓனர் பாஸ்கரின் புகார்.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவரவில்லை. தப்பு யார் மேல் என்று இன்னும் முடிவாகவில்லை. அதனால் இதை நான் சொல்கிறேன், என் மகள் போனில் தட்டுகிறாள். நான் 'பூந்துச்சி' என்று சொன்னால் அவள் 'புகுந்தது' என்று போடுகிறாள். படிக்கும்போது நான் தாலுக்கா ஆபீஸில் வேலை பார்த்தவன் மாதிரி தெரிந்தால் அது அவள் செய்த வேலை.

நர்சரிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். செடி வளர்ப்பது எப்படி என்று இதில் இருக்காது. அது எனக்கே தெரியாது. செடிக்கு அடியில் இருப்பதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதல் நாள் ஓனர், "யோவ், பின்னால செம்பருத்தித் தொட்டிங்க கீது பாரு, அத்தயெல்லாம் டெம்போல ஏத்து" என்றார். முதல் தொட்டியைத் தூக்கினேன். அடியில் ஈரம். அந்த ஈரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஷூ லேஸ் ஒன்று அறுந்து கிடந்தது. கறுப்பு, நல்ல பளபளப்பு. எடுத்து ஓரமாகப் போடலாம் என்று குனிந்தேன். லேஸ் நெளிந்தது.

அப்புறம் தொட்டி உடைந்த சத்தமும், நான் டெம்போவின் மேலே நிற்பதும்தான் ஞாபகம்.

"இன்னா மாமா, சேந்த அன்னிக்கே டாப்புல பூட்டே?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் சீட்டிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான். அவன்தான் சம்பத், எங்கள் டெம்போ டிரைவர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, வலது கை விரலில் முருகன் மோதிரம்.

"பாம்புடா! பாம்பு!"

மண் கலக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். உடைந்த ஓடுகளை ஒதுக்கினாள். அந்த லேஸை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். அது அவள் விரல் சந்துகளில் தலையை நுழைத்து நுழைத்துப் பார்த்தது.

"செவிப்பாம்புண்ணா இது. இதுக்கா இவ்ளோ ஓட்டம்? எறங்கு. பாவம், அதுதான் பயந்துகினு கீது."

"என்னப் பாத்தா?"

"அதுக்குக் கண்ணு தெரியாது. தெரிஞ்சிருந்தா உன் மூஞ்சியப் பாத்து இங்கியே செத்திருக்கும்."

அவள்தான் தேசம்மா. சம்பத்தின் மனைவி.

அன்று மதியம் சாப்பிடும்போது சம்பத் எனக்குத் தேசம்மாவின் காதுக் கதையைச் சொன்னான். அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. லோடு இறக்குகிற வீட்டில் எல்லாம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே சொல்வான். தூங்குகிறவர்கள் காதுக்குள் புகுந்துவிடும் என்பதால்தான் அதற்குச் செவிப்பாம்பு என்று பெயர் என்று எங்கள் பக்கம் எல்லாரும் நம்புகிறார்கள். அவன் கதை அந்த நம்பிக்கைக்கு ரசீது மாதிரி.

"அப்ப மண்ணு வூடு மாமா. நல்ல மழ. இவ கீழ படுத்துகினு இருந்தா. ஜிவ்வுனு இந்தப் பக்கம் காதுல பூந்துச்சி. கத்தறா, கத்தறா, ஊரே கூடிச்சி. நான்தான் வாலப் புடிச்சி இழுத்தேன். பாதி வெளிய வந்துச்சி, பாதி உள்ளியே அறுந்துகினு நின்னுடிச்சி. ரத்தம்னா ரத்தம்! அன்னிலேர்ந்து இந்தக் காது அவுட்டு."

சொல்லிவிட்டு அவள் இடது காதைக் காட்டுவான். தேசம்மா நிமிர மாட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

காதைத் தின்ற பாம்பை ஒருத்தி அன்று காலையில்தான் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சினாளே என்று எனக்குத் தோன்றவில்லை. அதெல்லாம் தோன்றுகிற மண்டையாக இருந்தால் நான் ஏன் தொட்டி தூக்குகிறேன்?

2. தண்ணித் தொட்டி ஓரம்

தேசம்மா வேலை செய்கிற இடம் ஒன்று உண்டு. பெரிய சிமெண்ட் தண்ணித் தொட்டி இருக்கிறது அல்லவா, அதன் சுவரை ஒட்டி. இடது தோள் சுவரில் படுகிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள். யார் வந்தாலும், யார் கூப்பிட்டாலும் வலது பக்கத்திலிருந்துதான் வர முடியும். அவளுக்குக் கேட்கிற பக்கம் அது. வேறு யாராவது தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள். பக்கத்தில் போய் நிற்பாள். அவர்களாகவே எழுந்துவிடுவார்கள்.

செம்மண், எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் கலந்து கவரில் நிரப்புவது அவள் வேலை. அதில் பதியன் குச்சி ஊன்றுவதும் அவள்தான். அவள் ஊன்றினது பட்டுப் போய் நான் பார்த்ததில்லை. நான் ஊன்றினது துளிர்த்தும் நான் பார்த்ததில்லை. இரண்டு பெண்கள் அவளுக்கு. பெரியவள் நர்ஸ் படிப்பு, சின்னவள் ஸ்கூல். படிக்க வைப்பது இவள் சம்பளம்தான். சம்பத் சம்பளம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அவன் ஆம்பளை, அவன் டிரைவர், நன்றாகச் சிரிப்பான்.

அந்தத் தண்ணித் தொட்டி ஓரம்தான் செவிப்பாம்புக்கும் பிடித்த இடம். எப்போதும் கசிவு, எப்போதும் நிழல், பக்கத்திலேயே எருக் குவியல். எருவில் எறும்பு வைக்கும், கரையான் ஏறும். இதன் சாப்பாடே அதுதான். எறும்பு முட்டை, எறும்புக் குஞ்சு, கரையான். எறும்புப் புற்றுக்குள்ளேயே நேராகப் போய் உட்கார்ந்து சாப்பிடும். பெரிய எறும்பு கடிக்கும், ஆனால் இதன் உடம்பில் பல் ஏறாது. கண்ணாடி மாதிரி செதில்.

புதுப் பிள்ளைகள் இதை மண்புழு என்று நினைப்பார்கள். மண்புழு சுருங்கும், நீளும், மேலே வளையம் வளையமாக இருக்கும். இது சுருங்காது. பக்கவாட்டில் நெளிந்து வழுக்கிக்கொண்டு போகும். உற்றுப் பார்த்தால் நூல் மாதிரி நாக்கு வந்து போவது தெரியும். கண் என்று சொல்ல இரண்டு கறுப்புப் புள்ளி, அதுவும் செதிலுக்கு அடியில். வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரியுமாம். கரண்டு போனால் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். தலை எது, வால் எது என்று கண்டுபிடிக்க முடியாது. வால் நுனியில் குட்டி முள் ஒன்று இருக்கும். கையில் எடுத்தால் அதை வைத்துக் குத்தும். குத்தினது நமக்கே தெரியாது. பெரிய வீரன் என்று அதற்கு நினைப்பு. என் சாதி.

தோல் உரிக்கப் போகிற நாட்களில் கறுப்பு மங்கி நீலம் பாரித்துக் கிடக்கும். தேசம்மாதான் அதைக் காட்டினாள். "புதுப் பொடவ கட்டப் போவுது, தொந்தரவு பண்ணாத" என்றாள்.

3. குடுத்து வைத்த ஜென்மம்

திருத்தணிக் காலேஜில் விலங்கியல் நடத்துகிற டீச்சர் ஒருத்தர் எங்களிடம் அடிக்கடி செடி வாங்குவார். ஸ்கூட்டியில் வருவார், பேரம் பேச மாட்டார். அதனால் ஓனருக்கு அவர் மேல் ரொம்ப மரியாதை. ஒரு நாள் அவர் செடி பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு விரிசல் விட்ட தொட்டியைக் கொட்டினேன். மண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக நான்கைந்து விழுந்தன. சீரகச் சம்பா அரிசி மாதிரி, கொஞ்சம் நீளமாக.

"ஐயோ, மிதிச்சிடாதீங்க! முட்டை!" என்று டீச்சர் உட்கார்ந்தேவிட்டார்.

"எறும்பு முட்டையா டீச்சர்?"

"எறும்பு முட்டையைத் தின்னுற பாம்போட முட்டை. செவிப்பாம்பு. இதுல ஒரு விசேஷம் தெரியுமா? இதுல ஆணே கிடையாது. உலகம் பூரா எங்க பிடிச்சுப் பார்த்தாலும் பொண்ணுதான். தானாவே முட்டை வைக்கும். பொரியுறதும் எல்லாம் பொண்ணு."

மண் கலக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள்.

"ஆம்பளையே தேவயில்லியா டீச்சர்?" என்றேன்.

"தேவையில்ல."

"அப்ப நான்லாம்?"

"தொட்டி தூக்கலாம்."

ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் தேசம்மா குனிந்தபடியே, "குடுத்து வெச்ச ஜென்மம்" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். நல்ல ஜோக் என்று நினைத்தேன்.

டீச்சர் இன்னும் சொன்னார். இது நம்ம பக்கத்துப் பாம்புதானாம். செடித் தொட்டியோடு கப்பல் ஏறிக் கண்ட தேசமும் போயிருக்கிறதாம். ஆண் வேண்டாம் என்பதால் ஒரு தொட்டி மண்ணில் ஒருத்தி போனால் போதும், போன இடத்தில் குடும்பம் ஆகிவிடும். காதில் புகுவது, மூளையைத் தின்பது எல்லாம் கட்டுக்கதை.

"காதுக்குள்ள அதுக்கு என்ன வேலை? எறும்பு முட்டையா வச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் நான் தணிகாசலம் இல்லையே. "இல்ல டீச்சர், நம்ம தேசம்மாக்கே பூந்துச்சே" என்று காட்டினேன்.

சம்பத் டெம்போவைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஆரம்பித்துவிட்டான். மழை, மண் வீடு, ஜிவ்வு, எல்லாம். "நான்தான் டீச்சர் வாலப் புடிச்சி இழுத்தேன்."

"எது வால்னு எப்படித் தெரிஞ்சுது? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குமே?"

"கைல எது வந்துச்சோ அது வாலுங்க" என்றான். எல்லாரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. தேசம்மாவைப் பார்த்தார். தேசம்மா அந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கவரில் மண் போட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் பொண்ணுங்கண்ணா, பாத்து தூக்கு" என்று அந்தக் கவரை என்னிடம் தந்தாள்.

4. பாட்டிலில் வந்தது

பொதட்டூர்பேட்டையில் ஜவுளி வியாபாரம் செய்கிற லோகநாதன் என்பவர் திருத்தணியில் மலையடிவாரத்தில் புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குத் தொட்டிச் செடி எங்களிடம்தான் வாங்கினார். அவர் சம்பந்தி கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் தொட்டி எங்களிடம்தான் என்று பேச்சு. ஓனர் அந்த மண்டபத்தை நினைத்துக்கொண்டுதான் தூங்கினார், எழுந்தார்.

மழைக்காலம் வந்தது. மழை பெய்தால் மண்ணுக்குள் தண்ணீர் இறங்கும். செவிப்பாம்பு மூச்சு விட மேலே வரும். லோகநாதன் வீட்டில் பால்கனித் தொட்டியிலிருந்து இறங்கிப் பாத்ரூம் வரைக்கும் போயிருக்கிறது. அங்கே அவர் மருமகள் கைக்குழந்தையைக் குளிப்பாட்ட உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் காலை கார் வந்து நின்றது. லோகநாதன் இறங்கினார். கையில் தண்ணீர் பாட்டில். பாட்டிலுக்குள் லேஸ்.

"யோவ் பாஸ்கரு! செடி கேட்டா பாம்பு தர்றியா?"

"அது மண்புழு சார். எருல வரும்" என்றார் ஓனர்.

"மண்புழு நாக்க நீட்டுமாய்யா? நாக்க நீட்டுது பாரு! கொழந்த காதுல பூந்திருந்தா?"

"அதெல்லாம் சும்மா சொல்றது சார்..."

"எது சும்மா? உங்க டிரைவரே எங்க வூட்டு ஹால்ல உக்காந்து காபி குடிச்சிகினு சொன்னாரு! அவரு பொண்டாட்டிக்கே பூந்து காது பூட்ச்சின்னு! அந்தம்மா இங்கதான வேல செய்யறாங்க? தெரிஞ்சிகினே இந்த மண்ண விக்கறீங்க! நான் போட்டோ புடிச்சி வெச்சிகினு கீறேன். வாட்ஸ்அப்புல போட்டா நாளைக்கு எவனும் இங்க வண்டி நிறுத்த மாட்டான். மண்டபத்துக்கும் வேற எடம் பாத்துக்கறோம்."

ஓனர் முகம் கறுத்துவிட்டது. சம்பத்தைப் பார்த்தார். சம்பத் டெம்போ டயரைப் பார்த்தான். திட்டு அவனுக்குத்தான் விழப் போகிறது என்று நான் நினைத்தேன். ஓனர் நேராகத் தண்ணித் தொட்டிப் பக்கம் போனார்.

"தேசம்மா, நீ நாளையிலேர்ந்து வராத."

அவள் வலது காதைத் திருப்பினாள். "இன்னா சொன்னீங்க நைனா?"

"வேலைக்கு வராதன்றேன். நீ இங்க இருந்தா வர்றவன் போறவன்லாம் உன் காதத்தான் பாப்பான்."

"என் காது இன்னா பண்ணிச்சி நைனா? பெரிய பொண்ணுக்கு இன்னும் படிப்பு முடியல."

ஓனர் லோகநாதன் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. யோசனை எனக்கு வருவது அபூர்வம். வந்தால் நல்லதாக இருப்பது அதைவிட அபூர்வம்.

"ஓனரே, அந்த டீச்சருக்குப் போன் போடுங்க. அவுங்க சொன்னா சார் நம்புவாரு" என்றேன்.

5. ஸ்பீக்கர் போன்

ஓனர் போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு கவிழ்த்த தொட்டி மேல் வைத்தார். எல்லாரும் சுற்றி நின்றோம். டீச்சர் பொறுமையாகச் சொன்னார். விஷம் கிடையாது, கடிக்கிற அளவுக்கு வாயே கிடையாது, கரையானைத் தின்கிறது, வீட்டுக்கு நல்லது. எடுத்துத் தோட்டத்தில் விட்டால் போதும்.

"காதுல பூந்துச்சின்னா இன்னாம்மா பண்றது?" என்றார் லோகநாதன்.

"புகாது சார். இந்தப் பாம்பால யாருக்கும் காது போகாது."

"இங்க ஒரு அம்மாக்குப் போயிருக்கே! எதுர்லயே நிக்கறாங்க!"

பிறகு டீச்சர், "அப்ப அவங்களுக்கு வேற எதனாலயோ போயிருக்கு. அவங்களையே கேளுங்க" என்றார்.

எல்லாரும் தேசம்மாவைப் பார்த்தோம். ஓனருக்குக் கண்ணில் உயிர் வந்துவிட்டது. கிட்டே போய், வலது பக்கமாக நின்றுகொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"சொல்லு தேசம்மா. பாம்பு இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. பிரச்சன முடிஞ்சிது. நீ பாட்டுக்கு வேலைக்கு வா."

"ஏய், கண்டதையும் உளறாத" என்றான் சம்பத். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

தேசம்மா கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். ஓனரைப் பார்த்துச் சொன்னாள். சம்பத்தைப் பார்க்கவில்லை.

"பாம்பு இல்லீங்க. இவுரு கைதான்."

அவளே மேலே சொன்னாள்.

"ரெண்டாவதும் பொண்ணுன்னு ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கு வந்த அன்னிக்கு அடிச்சாரு. பச்சக் கொழந்த மடியில இருந்திச்சி. காதுல ரத்தம் வந்திச்சி. அப்பறம் கேக்கல. ஊர்ல கேட்டா இன்னா சொல்றதுன்னு இவுங்கம்மாதான் பாம்புன்னு சொல்லச் சொன்னாங்க. நானும் சொன்னேன். பாவம், அது இன்னா பண்ணிச்சி?"

பாட்டிலுக்குள் அது அடியில் சுற்றிச் சுற்றி வழி தேடிக்கொண்டிருந்தது.

முதலில் பேசியது லோகநாதன்தான். நீளமாக மூச்சு விட்டார்.

"அப்பாடா, புருஷன்தானா! நான் பயந்தே பூட்டேன்."

அந்த வார்த்தையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். உண்மையாகவே அவருக்கு நிம்மதி. முகமெல்லாம் தெளிந்துவிட்டது. பாட்டிலைத் திறந்து அதைக் குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் அவரே விட்டார். ஓனரின் தோளைத் தட்டினார். மண்டபத்துக்கு எந்த எந்தத் தொட்டி என்று சுற்றிக் காட்டச் சொன்னார். ஓனர் எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். போனை யாரும் அணைக்கவில்லை. உள்ளிருந்து டீச்சர், "ஹலோ, ஹலோ, அந்தம்மாகிட்ட குடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பீக்கர் தேசம்மாவின் இடது பக்கம் இருந்தது.

நான் ஊரிலேயே பெரிய வாயாடி. எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன். அன்று டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை.

6. டிரைவர் கிடைக்க மாட்டான்

மறுநாள் காலையில் சம்பத் டெம்போ சாவியை ஓனர் மேஜை மேல் வைத்தான். "அவ இங்க இருந்தா நான் வண்டி எடுக்க மாட்டேன். பத்து பேர் எதுர்ல மானத்த வாங்கிட்டா" என்றான். மண்டபத்து லோடு காத்துக்கொண்டிருந்தது.

ஓனர் தேசம்மாவைக் கூப்பிட்டார். நான் அங்கேதான் ரோஜாத் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன்.

"தேசம்மா, நீ சொன்னது நெசந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா எல்லார் எதுர்லயும் போட்டு ஒடச்சிட்டியே. அவன் ஆம்பள, எப்டி தல நிமிந்து வண்டி ஓட்டுவான்?"

"நீங்கதான நைனா கேட்டீங்க?"

"கேட்டேன். பாம்பு இல்லன்னு மட்டும் சொல்லியிருக்கலாம் இல்ல? மீதி எதுக்கு?"



"பாம்பு இல்லன்னா வேற இன்னான்னு கேப்பீங்களே நைனா."

"கேட்டிருக்க மாட்டேன்" என்றார் ஓனர். பொய் இல்லை. அவர் கேட்டிருக்க மாட்டார். நாங்கள் யாருமே கேட்டிருக்க மாட்டோம்.

நான் தொட்டியை வைத்துவிட்டு, "வேற டிரைவர் பாருங்க ஓனரே" என்றேன்.

"எவன் கெடைக்கறான்? நீ ஓட்டறியா?"

எனக்கு சைக்கிளே ஒரு பக்கம் சாயும். மண் கலக்க நாளைக்கே நாலு பேர் வருவார்கள், டிரைவர் கிடைக்க மாட்டான் என்று ஓனர் சொன்னார். அதுவும் பொய் இல்லை. எங்கள் நர்சரியில் அன்று யாரும் பொய்யே சொல்லவில்லை. எல்லாரும் உண்மையைச் சொல்லிச் சொல்லியே அவளை வெளியே அனுப்பிவிட்டோம்.

அவள் தண்ணித் தொட்டி ஓரம் போய்த் தன் டிபன் பாக்ஸையும், மண் அள்ளுகிற கொட்டாங்குச்சியையும் எடுத்துக்கொண்டாள். கேட் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, தான் ஊன்றி வைத்திருந்த செம்பருத்திக் கவர் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த இடத்தில் இப்போது வேறொரு பெண் உட்காருகிறாள். எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அவளுக்குக் கேட்கும். ரோட்டோரம் ஓனர் ஒரு போர்டு வைத்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'பாம்பு இல்லாத சுத்தமான மண் கலவை'. அந்தப் போர்டு நடுகிற குழியைத் தோண்டும்போதே இரண்டு வந்தன. எடுத்துப் பின்னால் விட்டேன்.

சம்பத் பழைய மாதிரி சிரிக்கிறான். டீக்கடையில் இப்போது கதையின் கடைசிப் பகுதி மாறியிருக்கிறது. "காதுல பூந்த பாதிப் பாம்பு மூளைக்குப் பூட்ச்சி மாமா. அதான் அன்னிக்கு அப்டி உளறிட்டா." கேட்கிறவர்கள் தலையை ஆட்டுகிறார்கள்.

7. நகரி தாண்டி

கொஞ்ச காலம் கழித்து ஆந்திரா பக்கம், நகரி தாண்டி ஒரு நர்சரிக்கு மாங்கன்று எடுக்கப் போனோம். சம்பத் வண்டியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் உள்ளே போனேன். ஒரு சுவர் ஓரம், இடது தோள் சுவரில் படுகிற மாதிரி ஒருத்தி உட்கார்ந்து கவர் நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றேன்.

"தணிண்ணா! நீ இன்னும் சாவலியா?"

வீட்டை விட்டு வந்தபோது கூட்டிவந்த பெண்கள் இரண்டு பேரும் அவளோடுதான் இருக்கிறார்கள். பெரியவள் படிப்பை விட்டுவிட்டு அதே நர்சரியில் பில் போடுகிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் தேசம்மா மண்ணைப் பார்த்துக்கொண்டாள். "அவுரு வந்திருக்காரா?" என்று கேட்டாள். டீக்கடையில் இருக்கிறான் என்றேன். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேசவில்லை. அவள் முதுகுப் பக்கம் ஒரு பழைய தொட்டியில் எங்கள் செம்பருத்தி பூத்திருந்தது. தொட்டியைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள். அடியில் ஒரு லேஸ், பக்கத்தில் தையல் ஊசி மாதிரி இரண்டு மூன்று குட்டி.

"கவரோட வந்துடிச்சி. இங்க ஒரே பொண்ணுங்க கூட்டம்" என்றாள்.

அப்போது அந்த நர்சரிக்காரம்மா வந்தார். தெலுங்குக்காரர், நல்ல மனுஷி மாதிரி தெரிந்தது. எங்கள் பக்கம் காதைச் 'செவி' என்று சொல்வது அந்தப் பாம்பின் பெயரில் மட்டும்தான். அவர்களுக்கு அதுதான் தினப்படி வார்த்தை. தேசம்மாவின் இடது பக்கம் நின்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, சலித்துக்கொண்டு என்னிடம், "பாவம், செவிக்குள்ள பாம்பு பூந்துடிச்சாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று தெலுங்குத் தமிழில் கேட்டார்.

நான் தேசம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"தெரியும்மா" என்றேன்.

அவர் போன பிறகு கேட்டேன். "ஏன் தேசம்மா? அன்னிக்கு அவ்ளோ பேர் எதுர்ல தைரியமா சொன்னியே?"

"சொன்னேன். இன்னா ஆச்சி?"

அவள் அடுத்த கவரில் மண்ணை அள்ளிப் போட்டாள்.

"நெசத்த சொன்னா வேல பூடுதுண்ணா. பாம்புன்னா 'அய்யோ பாவம்'னு ஒரு டீ குடுக்கறாங்க. இருந்துட்டுப் போவட்டும். அது வந்து 'நான் இல்ல'ன்னு சொல்லப் போவுதா? அதுக்குக் காதும் கெடையாது, வாயும் அவ்ளோண்டு."

சொல்லிவிட்டுச் செம்பருத்தித் தொட்டியை மெதுவாகப் பழையபடி வைத்தாள்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்கிறது இவ்வளவுதான். தொட்டி தூக்கும்போது அடியைப் பார்த்துத் தூக்குங்கள். லேஸ் மாதிரி இருந்தால் என்னை மாதிரி டெம்போ மேல் ஏறாதீர்கள், மண்ணோடு அள்ளி நிழலில் விடுங்கள். அது எதுவும் செய்யாது.

எதிரே நிற்கிறவன் வலது கையால் அடித்தால் அடி இடது காதில்தான் விழும். இந்தக் கணக்குக்கு மூன்றாம் வகுப்பே போதும். எனக்குத்தான் இவ்வளவு நாள் ஆனது. இப்போதும் லோடு போகும்போது நான் சம்பத் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருகிறேன். அவன் கதை சொல்லிக்கொண்டே ஓட்டுகிறான். நான் ஸ்டீயரிங் மேல் இருக்கிற அந்த மோதிரக் கையையே பார்த்துக்கொண்டு போகிறேன்.